நான் தேய்த்து எடுத்த கறை

பழைய கம்ப்யூட்டரைக் கையில் கொடுத்தால் எவராக இருந்தாலும் முதலில் கீபோர்டைத்தான் தொடுவார்கள். ஒரு பட்டனையாவது அமுக்கிப் பார்க்காமல் விடமாட்டார்கள். அவர் மட்டும் வாங்கிய கையோடு அதைக் கவிழ்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். பிறகு பின்பக்கம் திருப்பி, அங்கே பிளாஸ்டிக் மங்கிக் கிடந்த ஓர் இடத்தை விரலால் தடவினார். அதற்கப்புறம்தான் "நல்ல சாமான்மா" என்றார்.

எனக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது.

ராஜபாளையத்தில் மில் மெஷின்களின் எலக்ட்ரானிக் போர்டுகளைப் பழுது பார்த்துக் கொடுப்பது என் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. போர்டுகள் பஞ்சுத் தூசியோடு வரும். கொடுத்த அரை மணி நேரத்தில் "என்னாச்சு மேடம், மெஷின் நிக்குது" என்று மில்லில் இருந்து போன் வரும். அந்த அவசரத்துக்கு மாற்றாகத்தான் பழைய கம்ப்யூட்டர்களைப் பிடித்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். எண்பதுகளில் வீடுகளுக்கென்று வந்த சின்ன கம்ப்யூட்டர்கள். கீபோர்டுக்குள்ளேயே முழு மெஷினும் இருக்கும். வீட்டு டிவியில் சொருக வேண்டும், புரோகிராமை டேப் ரெக்கார்டர் கேசட்டில் இருந்து ஏற்ற வேண்டும். அவற்றைக் கேட்டு யாரும் போன் செய்ய மாட்டார்கள். ஒரு கம்ப்யூட்டரை ஆறு மாதம் வைத்துப் பார்க்கலாம்.

இந்த மெஷின் செட்டியார்பட்டியில் கிடைத்தது. ஒரு வீட்டுக்கு இன்வெர்ட்டர் பார்க்கப் போயிருந்தேன். வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். இறக்கிப் போட்டிருந்த சாமான்களுக்கு நடுவே அது கிடந்தது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து, இப்போது ஆறிய டீயின் நிறத்துக்கு வந்திருந்தது. கூடவே ஒரு மஞ்சள் பையில் நான்கு கேசட்டுகள். இன்வெர்ட்டருக்குக் கூலி வேண்டாம், இதைக் கொடுங்கள் என்றேன். வீட்டு மருமகள் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தாள்.

பழைய கம்ப்யூட்டர் பைத்தியங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் போட்டோ போட்டேன். பத்து நிமிடத்தில் தனியாக ஒரு செய்தி வந்தது. 'நான் பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாமா?' எனக்குத் தலைகால் புரியவில்லை. பெங்களூரிலும் புனேயிலும்தான் இந்த ஆட்கள் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

என் கணவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு நாளைக்கு ஆயிரம் முகங்களைப் பார்க்கிறவர். யாரையும் லேசில் நம்ப மாட்டார்.

"இங்க இருக்க வில்லிபுத்தூர்ல இத்தன வருசமா இருந்தவரு, இந்தப் பொட்டியப் போட்டதும் எங்க இருந்து மொளச்சாரு?" என்று கேட்டார்.

வந்தவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. ஒல்லியான உடம்பு, முழுக்கைச் சட்டை, பையில் பேனாவும் ஒரு சின்ன நோட்டும். வெறுங்கையோடு வரவில்லை, பால்கோவா வாங்கி வந்திருந்தார். கவிழ்த்துப் பார்த்து முடித்ததும் நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். ஸ்டிக்கரில் இருந்த நம்பரின் கடைசி மூன்று எழுத்துகளை யாரோ பிளேடால் சுரண்டியிருந்தார்கள். அதையும் அவர்தான் காட்டினார். நான் அதுவரை கவனித்திருக்கவில்லை.

"எங்கம்மா கெடச்சுது?"

"மதுரையில சார். பழைய சாமான் கடையில."

பொய்தான். ஒரு மெஷின் கிடைத்த பரணில் இன்னொன்றும் இருக்கலாம்; இடத்தைச் சொன்னால் அடுத்தவன் முந்திக்கொள்வான். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் சொல்லும் பொய் அது. அவர் தலையை ஆட்டினார். ஆனால் நோட்டில் அதை எழுதவில்லை.

"மதுரையில எந்தக் கடை?"

"ஞாபகமில்ல சார்."

"பில்லு கொடுத்தாங்களா?"

பழைய இரும்புக் கடையில் யார் பில் கொடுப்பார்கள்? டீ போடுகிறேன் என்று சொல்லி உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவர் மெஷினின் அடிப்பக்கத்தைத் தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எங்கிட்ட ஆசிலோஸ்கோப் இருக்கு. அடுத்த வாரம் கொண்டுவாரேன். சேந்து பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். போர்டுக்குள் ஓடும் சிக்னலைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி அது.

அந்த வாரம் முழுக்க எனக்கு அவருடைய விரல்தான் ஞாபகம் வந்தது. இந்தக் கம்ப்யூட்டரில் அப்படி என்ன இருக்கிறது? இதன் சிப்புகளில் சிலவற்றை இப்போது யாரும் செய்வதில்லை. நல்ல மெஷினில் இருந்து சிப்பைக் கழற்றிக்கொண்டு செத்த சிப்பை வைத்துவிட்டுப் போகிற ஆட்களைப் பற்றிக் குழுவில் நிறையப் புலம்பியிருக்கிறார்கள். நானும் ஒரு காரியம் செய்தேன். மூடியைத் திறந்து, ஒவ்வொரு சிப்பின் ஓரத்திலும் என் மகளுடைய நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி இல்லாத சிப் உள்ளே இருந்தால் கள்ளன் யார் என்று தெரிந்துவிடும்.

வெளிமூடியையும் விடவில்லை. வாட்டர் பேப்பர் என்கிற நைசான உப்புத்தாளை நனைத்துப் பின்பக்கத்து மங்கலான இடத்தைப் பதமாகத் தேய்த்தேன். பிறகு பார்லர்காரர்கள் முடிக்குப் போடும் பெராக்சைடு கிரீமைப் பூசி, பாலிதீன் சுற்றி மொட்டைமாடியில் வெயிலில் வைத்தேன். மஞ்சளடித்த பிளாஸ்டிக்கை வெளுக்க வைக்க இது ஒரு வழி. நம்மூர் வெயிலுக்கு இரண்டு நாள் போதும். மணிக்கொரு தரம் மாடியேறித் திருப்பி வைத்தேன். மூன்றாம் நாள் கழுவியெடுத்தபோது கடையில் இருந்து இறக்கிய மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பெருமையோடு அவர் முன்னால் வைத்தேன். அவர் முகம் செத்துப்போனது.

"பின்னாடி ஒரு கறை இருந்துச்சே. எங்க?"

"தேச்சு எடுத்துட்டேன் சார். எப்படி இருக்கு?"

"யாரு எடுக்கச் சொன்னா?"

அவர் குரல் உயரவில்லை. ஆனால் அப்படி ஒரு கேள்வியை என் வீட்டில், என் பட்டறையில் வைத்து யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"யாரு சொல்லணும்? என் மெஷின். சுத்தம் பண்ணேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போர்டு கொண்டுவருகிற மில் ஆட்களிடம் நான் அந்தப் பார்வையைப் பார்த்திருக்கிறேன். 'நீங்கதான உள்ள ஏதோ பண்ணிட்டீங்க' என்று வாயால் சொல்லாமல் கண்ணால் சொல்கிற பார்வை. நான் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அவரும் என்னைச் சந்தேகப்படுகிறார் என்று அப்போதுதான் புரிந்தது. எதற்கென்றுதான் புரியவில்லை.

ஆனாலும் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தோம். அவருடைய கை நல்ல கை. ஸோல்டரிங் அயர்னைப் பிடிப்பதிலேயே தெரியும். கரண்டைச் சீராக்கும் ரெகுலேட்டர் சூடேறி செத்துப்போயிருந்ததை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். உப்பிப்போன கெப்பாசிட்டர்களை நான் மாற்றினேன். மெமரி சிப்புகளுக்கு வந்தபோது அவர் குனிந்து பார்த்தார்.

"இது என்னம்மா, செவப்பா?"

"அடையாளத்துக்கு சார். எது எங்க இருந்துச்சுன்னு மறந்துரக் கூடாதுல்ல."

எட்டு சிப்பும் ஒரே மாதிரி சிப். இடம் மாறினால் ஒன்றும் ஆகிவிடாது. அது அவருக்கும் தெரியும்.

"நல்ல பழக்கம்தான்" என்றார். "எல்லாத்துக்கும் ஒரு அடையாளம் இருந்துட்டா மனுசனுக்கு நிம்மதி."

அவர் போனபின் ஒவ்வொரு புள்ளியாக எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். சிப்பு வேண்டாமென்றால் வேறு என்னதான் வேண்டும் இந்த மனுஷனுக்கு என்ற யோசனைதான் வந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மெஷினுக்கு உயிர் வந்தது. என் பட்டறையில் இதற்கென்றே வைத்திருக்கும் பழைய டிவியில் முதலில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள், பிறகு நடுங்கிக்கொண்டே ஒரு வரி, அதன் முடிவில் துடிக்கிற ஒரு சின்னக் கட்டம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். அந்த ஒரு நிமிடம் எனக்கு அவர்மேல் எந்த எண்ணமும் இல்லை.

"கேசட்டு ஏதும் இருக்காம்மா? ஏத்திப் பாப்போம்" என்றார்.

ஆணியில் தொங்கிய மஞ்சள் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கல்யாண வீட்டில் தேங்காய் வெற்றிலை போட்டுக் கொடுக்கும் தாம்பூலப் பை. மணமக்கள் பெயர், பெற்றோர் பெயர், ஊர் எல்லாம் அச்சடித்திருக்கும். மூன்று வாரமாக அது என் சுவரில் தொங்கியும், மெஷின் வந்த இடத்தை அது காட்டிக்கொடுக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. அவர் கேசட்டை எடுக்கவே இல்லை. பையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"இந்தப் பை ஏது?"

"அது... வீட்டுல கெடந்தது சார்."

அவர் பையை மடித்து மேஜையில் வைத்தார். டீ டம்ளரில் பாதிக்கு மேல் இருந்தது. "பொறவு வாரேம்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். ஆசிலோஸ்கோப்பைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்த கணவர், சோற்றில் கை வைக்கும் முன்பே சொன்னார். "உங்க ஆளு நேத்து என் பஸ்ஸுல ஏறுனாரு. வீட்டுக்குப் போறவரு வடக்க போகணும். இவரு தெக்க போற வண்டில ஏறி செட்டியார்பட்டிக்கு டிக்கெட் எடுத்தாரு. யாரு வீட்டுக்குன்னு கேட்டேன். தெரிஞ்சவங்கன்னாரு. கை நடுங்குது மனுசனுக்கு."

"சில்லறை எடுக்கும்போது நடுங்கியிருக்கும். வயசாயிருச்சுல்ல."

"ஏட்டி, நான் இருபது வருசமா டிக்கெட் கொடுக்கேன். எனக்குத் தெரியாதா எது வயசுல நடுங்குதது, எது பயத்துல நடுங்குததுன்னு?"

சாப்பாட்டை அவருக்குப் போட்டுவிட்டு நான் ஸ்கூட்டியை எடுத்தேன்.

செட்டியார்பட்டி வீட்டில் வெள்ளையடித்து முடித்திருந்தார்கள். சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை. கதவைத் திறந்த மருமகள் போன முறை மாதிரிச் சிரிக்கவில்லை.

"அந்தப் பெரியவரு நீங்க அனுப்புன ஆளாக்கா?"

"இல்ல. என்ன கேட்டாரு?"

"எங்க மாமாவோட ஒரே மில்லுல வேல பாத்தேன்னாரு. மாமா தவறி ரெண்டு வருசம் ஆச்சுன்னதும் அந்தா அந்தப் போட்டோ முன்னாடி போயி நின்னாரு. எம்புட்டு நேரம் நின்னாருங்கீங்க! எனக்குப் பயமாப் போச்சு. பொறவு தண்ணி கேட்டாரு. குடிச்சிட்டு, அந்தக் கம்ப்யூட்டர மாமா எந்த வருசம் வாங்குனாரு, யாருகிட்ட வாங்குனாருன்னு கேக்காரு. எனக்கெப்படி தெரியும்? நான் வாக்கப்பட்டு வரும்போதே அது பரண்லதான் கெடந்துச்சு. ஒரு நாளும் மாமா அத எறக்குனதில்ல. புள்ளைக கேட்டாக்கூட, அதத் தொடக் கூடாதுன்னு வைவாரு."

நான் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தேன். மீசை நரைத்த, சாந்தமான முகம். மாலை புதிதாக இருந்தது.

"அதுல என்னக்கா இருக்கு?" அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "பழைய டிவிக்குள்ள ஏதோ மெர்க்குரி இருக்குன்னு லட்ச லட்சமா வாங்குதாங்களாமே? உங்களுக்கு அது தெரிஞ்சுதான கூலி வேண்டாம்னு சொல்லி எடுத்துட்டுப் போனீங்க?"

"அதெல்லாம் புரளிம்மா. அப்படி ஒண்ணும் கெடையாது."

"அப்ப திருப்பிக் கொண்டாந்து குடுங்க. மாமா பத்திரமா வச்சிருந்த சாமான். உங்க கூலிய நான் குடுத்துருதேன்."

கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வண்டி ஓட்டி வரும்போது கோபம் எல்லாம் அவர்மேல் திரும்பியது. பையில் இருந்த பெயரைப் படித்து, அந்த வீட்டைத் தேடிப் போய், அவர்கள் மனதைக் கலைத்துவிட்டார். இனி அவர்களிடம் இருந்து தன் கைக்கு வாங்கிக்கொள்வார். இதுதான் கணக்கு என்று முடிவுகட்டினேன். அவருடைய ஆசிலோஸ்கோப் என்னிடம் இருந்தது. அதை ஒரு சாக்காக வைத்து, மறுநாள் காலை அவர் வீட்டுக்கே போனேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடும் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அவருடைய மனைவி கதவைப் பாதி திறந்து என்னையும் என் கையில் இருந்த பெட்டியையும் பார்த்தார்.

"நீங்களும் கம்ப்யூட்டரு கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்லம்மா. இது அவரோடது."

"அவிய உள்ளதான் இருக்காவ. நேத்தெல்லாம் சாப்பிடல. என்ன நடந்துச்சு உங்க வீட்டுல?"

பெட்டியோடு உள்ளே போனேன். நான் நினைத்து வந்தது ஒன்று, அங்கே பார்த்தது ஒன்று. கட்டில்மேல் வரிசையாக ஏழு கம்ப்யூட்டர்கள். ஏழும் ஒரே மாடல். என்னிடம் இருந்த அதே மாடல். ஒவ்வொன்றும் கவிழ்த்து வைக்கப்பட்டு, மேலே ஒரு துண்டுச்சீட்டில் நம்பரும் வாங்கிய ஊரும் எழுதப்பட்டிருந்தது. ஒரு மாடலில் ஏழு வாங்கி எந்தப் பைத்தியக்காரனும் வைத்துக்கொள்ள மாட்டான். நாங்கள் விதவிதமாகத்தான் சேர்ப்போம்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"செட்டியார்பட்டிக்குப் போயிட்டு வந்தேம்மா. நீங்க மதுரைன்னீங்க."

"பொய் சொன்னேன் சார். இந்த மாதிரி சாமான் கெடச்ச எடத்த யாரும் சொல்ல மாட்டோம். நீங்க எதுக்கு அங்க போனீங்க? எதுக்கு ஒரே மாடல்ல ஏழு வச்சிருக்கீங்க? எனக்கு இப்ப தெரிஞ்சாகணும்."

அவர் மனைவி கதவோரம் வந்து நின்றுகொண்டார். அவர் ஒரு முறை அந்தப் பக்கம் பார்த்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

இருபத்தைந்து வயதில் அவர் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஸ்டோர் உதவியாளராக இருந்திருக்கிறார். ஆபீஸர் வீட்டுப் பிள்ளைகள் படிப்பதற்காக நிர்வாகம் நான்கு கம்ப்யூட்டர்கள் வாங்கியது. ஸ்டோரில் பதிந்து, பின்பக்கம் பெயின்டில் மில்லின் எழுத்தும் வரிசை எண்ணும் போட்டு, ஓர் அறையில் வைத்தார்கள். சாவி இவர் கையில். ஒரு திங்கட்கிழமை காலை திறந்தபோது மூன்றுதான் இருந்தது. பூட்டு உடையவில்லை.

"விசாரண வச்சாங்க. நான் எடுக்கலன்னு சொன்னேன். எடுத்தேன்னு அவங்களாலயும் நிரூபிக்க முடியல. வேலைய விட்டு அனுப்பல. ஸ்டோர்ல இருந்து எடுத்து பஞ்சுக் குடோன்ல போட்டாங்க. அம்புட்டுத்தான். ஆனா அன்னையில இருந்து மில்லுல எனக்குப் பேரு கம்ப்யூட்டரு. ஏலே கம்ப்யூட்டர், இங்க வாலேம்பானுக. என் பக்கத்துல டிபன் டப்பாவ வச்சிட்டுப் போக மாட்டானுக. முப்பது வருசம் அப்படியே வேல பாத்து ரிட்டையர் ஆனேன்."

"பெயின்டுல போட்டதுன்னா..."

"ஆமா. தின்னர் போட்டுத் தொடச்சா பெயின்டு போகும், பிளாஸ்டிக்கும் கொஞ்சம் இளகி மங்கிரும். உங்க மெஷின்ல மங்கிக் கெடந்தது நம்பரு இருந்த அதே எடம். நீங்க அதத் தேச்சு எடுத்ததும், தெரிஞ்சுதான் எடுத்தீங்களோன்னு நெனச்சிட்டேன். தப்புதான்."

கம்ப்யூட்டர் ரிப்பேரை அவர் ரிட்டையர் ஆன பிறகுதான் படித்திருக்கிறார். சும்மா போய் அடிப்பக்கத்தைக் காட்டு என்றால் யாரும் காட்ட மாட்டார்கள். ரிப்பேர் பார்க்கிறேன் என்றால் வீட்டுக்குள் கூப்பிட்டு, கையிலேயே கொடுப்பார்கள். ஸ்டிக்கரைப் பார்த்து ஸ்டோர் பதிவேட்டில் எழுதிய கம்பெனி நம்பர் அவருக்கு இன்றைக்கும் மனப்பாடம். ஏழு மெஷின்களிலும் அது பொருந்தவில்லை. என்னுடையதில் முதல் பகுதி பொருந்தியது. கடைசி மூன்று எழுத்துகளைத்தான் யாரோ சுரண்டியிருந்தார்கள்.

"அந்த செட்டியார்பட்டிக்காரரு?" என்று கேட்டேன்.

மனைவிதான் சொன்னார். "அவருதாம்மா அந்தக் காலத்துல இவியகூட உக்காந்து சாப்பிட்ட ஒரே ஆளு. எலெக்ட்ரீசியன். எங்க கல்யாணத்துக்கு மில்லுல இருந்து வந்ததும் அவரு மட்டுந்தான்."

"பாவப்பட்டுச் சாப்பிட்டாரா, குத்த உணர்ச்சில சாப்பிட்டாரான்னு ரெண்டு நாளா யோசிக்கேம்மா" என்றார் அவர். "ஒவ்வொரு நாளாப் பின்னோக்கிப் போயி யோசிக்கேன். அன்னைக்கு ஏன் அவரு குழம்ப எனக்கு ஊத்துனாரு, இன்னொரு நாளு ஏன் தோள்ல கை போட்டாருன்னு."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எந்த மெஷினையும் தொடும் முன் நான் ஆறு பக்கமும் படம் எடுத்து வைப்பேன். சுத்தம் செய்த பின் குழுவில் முன், பின் என்று போடுவதற்கு. போனை எடுத்துத் தேடினேன். பின்பக்கத்துப் படம் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்ததில் அந்த மங்கலான இடம் நன்றாகவே தெரிந்தது. பெரிதாக்கி அவரிடம் கொடுத்தேன்.

தேய்த்தவன் அவசரத்தில் தேய்த்திருக்கிறான். முதல் எழுத்துகள் முழுக்கப் போயிருந்தன. கடைசியில் மட்டும் ஒரு வளைவு, அதற்குக் கீழே இன்னொரு வளைவு, மங்கலாக.

"காணாமப் போனது எந்த நம்பரு?"

"மூணு."

"இது மூணு மாதிரித்தான் இருக்கு சார்."

அவர் போனை ஜன்னலோரம் கொண்டுபோனார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். ஏழு கம்ப்யூட்டர்களைத் தேடி வாங்கிய மனுஷன். அவர் 'ஆமா' என்று சொல்வதற்காக நானும் அவர் மனைவியும் காத்திருந்தோம்.

"எழுத்து இருந்ததுன்னு சொல்லலாம். மூணுன்னு சொல்ல முடியாது" என்றார் கடைசியில். "இந்தப் பக்கம் மூடியிருந்தா எட்டு. மத்த ஆபீசுலயும் இந்த எடத்துலதான் நம்பரு போடுவாங்க. எனக்கு இது மூணா இருக்கணும்னு ஆச. ஆச இருக்கதால நான் சொல்லக் கூடாது. என்னய அப்படித்தாம்மா சொன்னாங்க. சாவி இவன்கிட்ட இருந்துச்சு, அப்ப இவனாத்தான் இருக்கும்னு."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டார். உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

நான் நெயில் பாலிஷ் புள்ளிகளைப் பற்றி உண்மையைச் சொன்னேன். தெரியும் என்றார். அன்றைக்குத்தான் அவரை முதன்முதலாக அண்ணாச்சி என்று கூப்பிட்டேன்.

மெஷினைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவானது. கொடுத்தால் ஓடுகிற நிலையில் கொடுக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். கீபோர்டில் நான்கு பட்டன்கள் வேலை செய்யவில்லை. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாள் விரிசல் விட்டிருந்தது. தன்னுடைய ஏழில் ஒன்றைக் கழற்றி அதன் தாளை எடுத்துப் போட்டார். அந்தச் சனிக்கிழமை இரண்டு பேருமாகச் செட்டியார்பட்டிக்குப் போனோம்.

மருமகள் எங்களை உட்காரச் சொல்லவில்லை. மெஷினைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். "உள்ள இருந்தத எடுத்துட்டுக் குடுக்கீங்களா?" என்று நேராகவே கேட்டாள். அண்ணாச்சி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைத் திறந்து, எது எது என்ன வேலை செய்யும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ரெகுலேட்டர் மாற்றியதையும் பழையது என் பட்டறையில் இருப்பதையும் சொன்னார். பிறகு மூடி, அவர்கள் வீட்டு டிவியில் மாட்டிப் போட்டார். நீலத் திரையில் அந்தக் கட்டம் துடித்தது. அவளைத் தன் பெயரை அடிக்கச் சொன்னார். அடித்தாள். திரையில் வந்தது.

"அப்புறம்?"

"அம்புட்டுத்தான்மா. கேசட்டு போட்டா சின்னச் சின்ன விளையாட்டு வரும்."

"இதுக்கா மாமா தொடவிடாம வச்சிருந்தாரு?"

அண்ணாச்சி என்ன சொல்லப்போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "தொட்டா கெட்டுப்போகும்னு நெனச்சிருப்பாரு. அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் பயப்படுவோம்."

அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். நம்பவில்லை. கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. யாரோ மதுரைக்காரரை வரவழைத்து மெர்க்குரி இருக்கிறதா என்று பார்த்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நடந்ததை எல்லாம் கணவரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எடுத்தவனே தேடுத மாதிரி நடிக்கலாம்ல?" என்றார்.

"முப்பத்தஞ்சு வருசமா?"

"நடிச்சு நடிச்சு அவருக்கே நெசமாயிருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் பட்டறையில் தனியாக இருக்கும்போது நானும் அதை யோசித்துப் பார்த்தேன் என்பதை இங்கே மறைப்பதில் பயனில்லை. சாவி அவரிடம் இருந்தது. பூட்டு உடையவில்லை. இந்த இரண்டு வரியும் எனக்குள்ளும் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டன. எடுத்து வெளியே போட முடியவில்லை.

அண்ணாச்சி இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். தன்னிடம் இருக்கும் ஏழு மெஷினையும் ஓடவைக்க வேண்டும் என்கிறார், இரண்டு முடிந்திருக்கிறது. போன வாரம் டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்த கணவர், வழக்கம்போல் உள்ளே போகாமல் பட்டறை வாசலில் நின்றார். அண்ணாச்சி ஸோல்டரிங் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மில்லுல அன்னைக்கு என்னதான் நடந்துச்சு? நீங்களே சொல்லுங்க, கேப்போம்."

நான் பதறிப்போனேன். அண்ணாச்சி அயர்னை அதன் ஸ்டாண்டில் வைத்தார். ஆச்சரியமாக, அவர் முகத்தில் வருத்தம் இல்லை. யாரும் இதை அவரிடம் இப்படி நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டதில்லை போலிருக்கிறது.

"சொல்லுதேன் தம்பி. அது ஒரு சனிக்கிழம. சாயங்கால ஷிப்டு ஏறுத நேரம்" என்று ஆரம்பித்தார்.